அழாத பிள்ளையின் கணக்கு

பேச்சு வராத குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று வைத்தியர் எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிய பழைய மருத்துவ நூல் நம் துணைக்கண்டத்தில் உண்டு. குழந்தை மருத்துவத்துக்கான ஆயுர்வேத நூலாகிய காசியப சம்ஹிதையின் சுவடி நேபாளத்தில் கிடைத்து, 1938-இல் அச்சேறியது. அதன் காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. சுவடியும் பல இடங்களில் சிதைந்துபோனது. ஆனால் ‘வேதனாத்தியாயம்’ தப்பிவிட்டது. விருத்தஜீவகர் கேட்க, காசியபர் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. தலைவலி என்றால் குழந்தை தலையை இப்படியும் அப்படியும் உருட்டும், கண்ணை மூடிக்கொள்ளும், இரவெல்லாம் முனகும். காதுவலி என்றால் கையைக் காதுக்குக் கொண்டுபோகும். வயிற்றுவலி என்றால் முலையை ஒதுக்கும், மல்லாந்து கிடந்து அழும், வயிறு விறைக்கும், முகம் வியர்க்கும். சுசுருத சம்ஹிதை இதையே ஒரு விதியாகச் சுருக்கிவிடுகிறது: குழந்தை எந்த இடத்தை ஓயாமல் தொடுகிறதோ, பிறர் எந்த இடத்தைத் தொட்டால் அழுகிறதோ, அங்கேதான் வலி. இந்த அடையாளங்களில் எத்தனை இன்றைய மருத்துவத்தில் தேறும் என்பது வேறு விவாதம். எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது என்று மட்டுமே அங்கே கேட்கிறார்கள். வலிக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். பிராட் தெரு அடிபம்பில் காலராவின் மூலத்தைக் கண்ட ஜான் ஸ்னோவுக்குச் சோறு போட்ட தொழில் மயக்க மருந்து கொடுப்பது. அவர் இறந்த 1858-இல் வெளிவந்த நூலில், ஒரு வயது நிறையாத நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. 1872-இல் சார்லஸ் டார்வின், உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றிய தம் நூலில், அழும் கைக்குழந்தைகளின் புகைப்படங்களைச் சேர்த்து, கண்ணைச் சுற்றிய தசை இறுகுவதையும் வாய் சதுரம்போல் விரிவதையும் பொறுமையாக விவரித்தார். அப்படி இருந்தும், அடுத்த நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலகின் முன்னணி மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமலே மார்பைத் திறந்து அறுவை செய்தார்கள். குழந்தைக்கும் வலி உண்டு என்று அறிவியல் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது தலைகீழாகச் சொல்லப்படுகிறது என்பது என் வாதம். வலி உண்டு என்பது பரவலாக அறிந்த செய்தியாகவே இருந்தது. புறவயமான சான்று இல்லாமல் எதையும் ஏற்பதில்லை என்ற கெடுபிடிதான் அதைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. பிறகு அதே கெடுபிடியின் மொழியில்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. இன்று செவிலியர் கையில் இருக்கும் வலி அளவுகோல்கள் அந்த மீட்பு வேலையில் பிறந்தவை. தெர்மாமீட்டரோடு அவற்றை ஒப்பிடுவதைவிட, கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதத் தெரியாதவருக்காக மனு எழுதித் தருபவரோடு ஒப்பிடுவது பொருத்தம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது? 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் நிரூபிக்கப்பட்டபோது அதை உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர் அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ. அவரே இரண்டாண்டுகளுக்குள், கைக்குழந்தைக்கு அது அவ்வளவு அவசியமில்லை என்று எழுதினார். வரப்போகும் வலியை எதிர்பார்க்கவும் வந்துபோன வலியை நினைவில் வைக்கவும் அறியாத உயிருக்குத் துன்பம் குறைவு என்பது அவர் எண்ணம். பிறகு லைப்சிக் நகரின் பால் ஃபிளெக்சிக், நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்புறையான மயலின் பிறந்த குழந்தையின் மூளையில் பல இடங்களில் இன்னும் படியவில்லை என்று காட்டினார். கண்டது உண்மை, அதிலிருந்து மற்றவர்கள் கட்டிய முடிவுதான் கோணல். உறை இல்லாத கம்பியில் மின்சாரம் கசிவதுபோல் மயலின் இல்லாத நரம்பில் செய்தி போகாது என்று கருதிவிட்டார்கள். வளர்ந்த மனிதரின் வலியில் பெரும்பங்கைச் சுமக்கும் மெல்லிழைகளுக்கு ஆயுள் முழுக்க மயலின் கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். குழந்தையின் உடலிலோ அது போக வேண்டிய தூரமே குறைவு. 1987 வரை இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்துச் சத்தமாகச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

சந்தேகத்துக்கு ஆய்வுக்கூட முத்திரை குத்தியது குண்டூசி. 1941-இல் நியூயார்க்கின் உளவியலாளர் மிர்ட்டில் மெக்ரா, பிறந்த குழந்தை முதல் நான்கு வயது வரை 75 குழந்தைகளை ஊசியால் குத்தி எதிர்வினையைப் பதிந்தார். பிறந்த சில நாட்களில் சில குழந்தைகளிடம் எதிர்வினை மங்கலாக இருந்தது. மற்றவை உடம்பு முழுதும் துடித்தன, அழுதன. மூளையின் மேற்புறணி இன்னும் வேலை தொடங்கவில்லை, இது வெறும் அனிச்சைச் செயல் என்பது அவர் தந்த விளக்கம். அந்த விளக்கத்தின் தர்க்கம் கவனிக்கத் தக்கது. குழந்தை அசையாவிட்டால் வலி இல்லை. அசைந்தாலோ அது அனிச்சை. எந்தப் பக்கம் காசு விழுந்தாலும் குழந்தை தோற்கும் ஆட்டம் அது. 1927-இல் மேண்டல் ஷெர்மன் செய்த சோதனை வேறு வகையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளைப் பசி, ஊசிக் குத்து, கை கால் கட்டு, திடீரென்று கீழே நழுவவிடுதல் ஆகியவற்றுக்கு ஆளாக்கிப் படம் எடுத்து, காரணத்தை வெட்டிவிட்டு அழுகையை மட்டும் பார்வையாளர்களுக்குக் காட்டினார். எது எதற்கான அழுகை என்று அவர்களால் ஒருமித்துச் சொல்ல முடியவில்லை. பார்வையாளரின் தடுமாற்றம் அது. நாளடைவில் அதைக் குழந்தையின் தடுமாற்றமாக, அதன் உணர்வு இன்னும் பிரிந்து தெளியவில்லை என்பதற்கான சான்றாக, படித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மருத்துவர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை, மயக்க மருந்தே பச்சிளங்குழந்தையைக் கொல்லக்கூடியதாக இருந்தது. பின்னாளில் வந்த ஹாலோத்தேன் சின்னஞ்சிறு இதயத்தைத் தளர்த்தியது. மார்ஃபின் மூச்சை நிறுத்தியது. 1950-இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் எழுதிய முறை, நைட்ரஸ் ஆக்சைடோடு தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கியூராரேவையும் கொடுத்து, குழாய் வழியாக மூச்சை ஊட்டுவது. அந்த எளிய முறை பிழைக்க மாட்டாத பல குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. அதை மறப்பது நன்றிகெட்ட வேலை. ஆனால், இந்தக் குழந்தை மருந்தைத் தாங்காது என்று தொடங்கிய பேச்சு, இந்தக் குழந்தைக்கு மருந்து தேவையில்லை என்று எப்போது மாறியது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் பேச்சு வருத்தத்தோடு எடுக்கும் முடிவு. வேறு மருந்து கிடைத்தால் மாறிவிடும். இரண்டாவது பேச்சு வருத்தத்தையும் துடைத்துவிடுகிறது, வேறு மருந்தைத் தேடும் கட்டாயத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஃபென்டனில் போன்ற, இதயத்தை அவ்வளவாகத் தளர்த்தாத மருந்துகள் 1960-களிலேயே வந்துவிட்டன. பெரியவர்களின் இதய அறுவையில் அவை இடம்பிடித்த பிறகும் குறைமாதக் குழந்தையின் அறுவை மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

கியூராரே இந்தக் கதையில் ஒரு தனி இடம் கேட்கிறது. தென்னமெரிக்க வேட்டையாடிகளின் அம்பு விஷம். 1942-இல் மான்ட்ரியலில் ஹரோல்டு கிரிஃபித் அறுவை அரங்கில் அதைப் பயன்படுத்தினார். அது தசையைக் கட்டுவதோடு வலியையும் தணிக்கிறது என்று சிலர் நம்பினார்கள். அதைத் தீர்த்துவைக்க, யூட்டாவின் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தம் உடலிலேயே முழு அளவு மருந்தை ஏற்றச் செய்தார். இமைகூட அசைக்க முடியாமல், பிறர் மூச்சு ஊட்ட, கிடந்தார். தெளிந்ததும், எல்லாவற்றையும் கேட்டேன், எல்லாவற்றையும் உணர்ந்தேன் என்று சொன்னார். 1947-இல் அது வெளியானது. அதன்பின் வளர்ந்தவருக்குக் கியூராரே மட்டும் கொடுத்து அறுக்க யாரும் துணியவில்லை. அந்தச் சோதனையின் சான்று முழுவதும் ஒருவர் எழுந்து உட்கார்ந்து சொன்ன வார்த்தைகள்தான். எழுந்து சொல்ல முடியாதவருக்கு அந்த முடிவை நீட்டிக்கலாம் என்று தோன்றாமல் போனதுதான் வியப்பு. போதாக்குறைக்கு, கியூராரே குழந்தையிடம் இருந்த ஒரே சாட்சியத்தையும் பறித்தது. அழ மூச்சு இல்லை, உதைக்கக் கால் இல்லை. அழுத பிள்ளைக்குப் பால் என்று நாம் சொல்கிறோம். அழவே முடியாதபடி செய்துவிட்டு, அழவில்லையே என்று குறித்துக்கொண்டது அறுவை அரங்கு.

அரங்குக்கு வெளியே, வார்டிலும் இதே கணக்குதான். 1977-இல் ஐயோவாவின் செவிலியர் ஆய்வாளர் ஜோன் எலண்ட், அறுவைக்குப் பின் இருந்த நான்கு முதல் எட்டு வயது வரையிலான 25 குழந்தைகளின் மருந்துத் தாள்களைப் புரட்டினார். 13 குழந்தைகளுக்கு வலிமருந்தே கிடைக்கவில்லை; 25 பேருக்கும் சேர்த்து மொத்தம் 24 வேளை. ஒத்த நோய்களுக்காக அதே காலத்தில் இருந்த 18 பெரியவர்களுக்கு 671 வேளை. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி. வலியை அளக்க அப்போது கருவி இல்லாமல் இல்லை. 1940-களிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் நெற்றியில் வெப்பக் கதிரைப் பாய்ச்சி, ‘டோல்’ என்ற அலகில் வலியை எண்ணப் பார்த்தார்கள். 1975-இல் மெக்கில் வினாத்தாள் வந்தது. சுருக்கென்றதா, எரிந்ததா, குடைந்ததா என்று சொற்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எல்லாமே இறுதியில் நோயாளியின் வாயைத்தான் நம்பின. 1979-இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வகுத்த வரையறையும், வலி என்பது ஒருவர் விவரிக்கும் அனுபவம் என்ற தொனியில் அமைந்தது. அந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துவது என்று ஒவ்வொருவரும் இளமையில் பட்ட காயங்கள் வழியாகக் கற்கிறார் என்று அதன் குறிப்பு சொன்னது. நோயாளியின் சொல்லை மருத்துவர் மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதியது அது. சொல்லே இல்லாதவரை அது வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2001-இல் ஒரு குறிப்பும் 2020-இல் திருத்திய வரையறையும், பேச இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று வெளிப்படையாகச் சேர்த்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

திருப்பம் 1980-களின் நடுவில் வந்தது, இரு திசைகளிலிருந்து. குறைமாதத்தில் பிறந்த தம் மகனுக்கு இதய நாள அறுவை நடந்தபோது தசையைக் கட்டும் மருந்தைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லை என்பதை, குழந்தை இறந்தபின் ஆவணங்களைக் கேட்டு வாங்கி அறிந்த ஓர் அமெரிக்கத் தாய், 1986-இல் மருத்துவ இதழுக்கும் பத்திரிகைக்கும் எழுதினார். அது விதிவிலக்கு அல்ல, வழக்கம் என்பது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. மற்றொரு திசையில், இந்தோரில் மருத்துவம் படித்து ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவைக்குப் போகும் குறைமாதக் குழந்தைகள் திரும்பி வரும்போது ஏன் இவ்வளவு துவண்டு வருகின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாயின் கருவில் இரு பெருந்தமனிகளை இணைக்கும் ஒரு நாளம், பிறந்தபின் தானே மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் சில சமயம் மூடாது, அறுத்துக் கட்ட வேண்டும். வெளியான அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்ததில், அந்த அறுவை செய்யப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கு ஏறக்குறைய தசைக்கட்டு மருந்தோ அதோடு விட்டுவிட்டு நைட்ரஸ் ஆக்சைடோதான் கிடைத்திருந்தது. 1987 ஜனவரியில் லான்செட் இதழில் ஆனந்தும் சிப்பெல், ஏன்ஸ்லி-கிரீன் இருவரும் வெளியிட்ட சோதனையில் குழந்தைகள் 16 பேர் மட்டுமே. எல்லாருக்கும் வழக்கமான நைட்ரஸ் ஆக்சைடும் கியூராரேவும். பாதிப் பேருக்கு அதோடு ஃபென்டனில். ஃபென்டனில் இல்லாதவர்களின் ரத்தத்தில் அட்ரினலினும் சர்க்கரையும் லாக்டேட்டும் தாறுமாறாக ஏறின. அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். வலி என்ற சொல்லுக்கு மசியாத அறுவை மருத்துவர்கள் லாக்டேட் என்ற சொல்லுக்கு மசிந்தார்கள்.

உடனே எழுந்த ஆட்சேபம் கூர்மையானது: அட்ரினலின் வலி ஆகுமா? ஆகாது. மயக்கத்தில் ஆழ்ந்த உடலிலும் கத்தி பட்டால் ஹார்மோன் எகிறலாம். தர்க்கப்படி ஆனந்தின் குழு அளந்தது உடலின் நெருக்கடியை, அனுபவத்தை அல்ல. ஆனால் அந்தச் சோதனை வென்ற வழக்கு வேறு. மருந்து கொடுப்பது ஆபத்து, கொடுக்காமலிருப்பது பாதுகாப்பு என்பதுதான் மறுதரப்பின் கடைசிக் கோட்டை. கொடுக்காமலிருப்பதே ஆபத்து என்று காட்டியதும் கோட்டை விழுந்தது. 1992-இல் பாஸ்டனில் ஆனந்தும் ஹிக்கியும் இதய அறுவைக்கு வந்த 45 பச்சிளங்குழந்தைகளில் இதை மீண்டும் பார்த்தார்கள்: லேசான மயக்கம் பெற்ற 15 பேரில் நால்வர் இறந்தனர், ஆழ்ந்த வலியடக்கம் பெற்ற 30 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. பிகலோவின் பழைய வாதத்துக்கும், நினைவில் நிற்காத வலியால் என்ன கேடு என்பதற்கும், இதே காலத்தில் பதில் கிடைத்தது. லண்டனில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டு, நுண்ணிழைகளால் பாதத்தைத் தொட்டு, ரத்தத்துக்காகத் திரும்பத் திரும்பக் குத்தப்பட்ட குதிகால் லேசான தீண்டலுக்கும் சிலிர்த்து விலகுவதைக் காட்டினார். டொரன்டோவில் 1997-இல் அன்னா டாடியோவின் குழு, பிறந்தவுடன் நுனித்தோல் நீக்கப்பட்ட ஆண்குழந்தைகள் சில மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகம் அழுவதைக் கண்டது. மனசுக்கு நினைவில்லை, உடம்பு மறக்கவில்லை.

ஆனால் எல்லா வலியும் அறுவை மேசையில் நேர்வதில்லை. இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைக்குக் குதிகால் குத்து, குழாய் செருகல், பிளாஸ்திரி உரித்தல் என்று நாள் முழுதும் சிறு சிறு வலிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எடுத்து ஹார்மோன் பார்த்தால் அதுவே இன்னொரு வலி. எனவே கண்ணால் காணும் அடையாளத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அழுகையைச் சிலர் பிடித்தார்கள். 1968-இலேயே ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆய்வாளர்கள் பிறப்பழுகை, பசியழுகை, வலியழுகை ஆகியவற்றின் ஒலிச்சித்திரங்களை நூலாக்கியிருந்தனர். முகத்தைச் சிலர் பிடித்தார்கள். 1987-இல் வான்கூவரில் ரூத் குருனாவும் கென்னத் கிரெய்கும் பிறந்த குழந்தைகளின் முகத்தை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்து, புருவம் புடைப்பது, கண் இறுகுவது, மூக்கோரத்திலிருந்து உதட்டோரம் வரை பள்ளம் விழுவது, நாக்கு விறைத்துக் குழிவது என்று பத்து அசைவுகளைப் பட்டியலிட்டனர். டார்வினின் விவரணையை நினைவில் வைத்திருப்பவருக்கு இது புதிதாகத் தெரியாது. புதிது அந்த எண்தான். 1950-களில் வர்ஜீனியா ஆப்கர், பிறந்த குழந்தையின் நிலையை ஐந்து குறிகள், குறிக்கு இரண்டு புள்ளி என்று பத்துக்கு மதிப்பிட்டு உலகப் பிரசவ அறைகளை மாற்றியிருந்தார். 1990-களில் வந்த வலி அளவுகோல்கள் பலவும் அந்த அச்சில் வார்த்தவை. 1997-இல் மிச்சிகனில் உருவான ‘ஃபிளாக்’ முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்க்கிறது, கூட்டினால் பத்து. குழந்தை முகம் சுளித்தது என்று எழுதினால் வார்டில் அது ஒருவரின் அபிப்பிராயம். ஏழு என்று எழுதினால் அது தாளில் ஏறிய தகவல். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அளவுகோல்களைக் குறைகூற நிறையக் காரணங்கள் உண்டு, கூறியும் இருக்கிறார்கள். பசித்த குழந்தையும், பயந்த குழந்தையும், ஈரத்துணியில் கிடக்கும் குழந்தையும் இதே முகத்தைக் காட்டக்கூடும்; ஷெர்மனின் பார்வையாளர்கள் தடுமாறியது பொய்யல்ல. ஒரே குழந்தைக்கு இருவர் இரண்டு எண் போடலாம். எண் ஒன்று கிடைத்துவிட்டதாலேயே அதைத் துல்லியம் என்று மயங்குவதும் நடக்கிறது. இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாலும், அளவுகோல் இல்லாத காலத்தில் துல்லியம் ஒன்றும் தாண்டவமாடவில்லை என்பதை எலண்டின் தாள்கள் சொல்லும். தவறான மனு எழுதப்படலாம் என்பதற்காக மனு எழுதுவதையே தடை செய்வதில்லை. உண்மையில் கனமான குறை வேறு: மிகவும் பலவீனமான குழந்தை மிகக் குறைவாகவே முகம் சுளிக்கும். 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வீறிட்டு அழத் தெம்பு இல்லை. நாள்கணக்கில் குத்துப்பட்டு ஓய்ந்த குழந்தையும் சும்மா கிடக்கும். அடையாளத்தை மட்டும் எண்ணினால் அதிகம் துன்பப்படுபவருக்குக் குறைந்த எண் விழும். கனடாவில் பானி ஸ்டீவன்ஸும் செலஸ்ட் ஜான்ஸ்டனும் கூட்டாளிகளும் 1996-இல் வெளியிட்ட ‘பிப்’ அளவுகோல் இதை நேரடியாக எதிர்கொண்டது. முகத்தில் மூன்று அசைவுகள், இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு, குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, விழித்திருந்ததா, உறங்கியதா என்பவற்றுக்கும் அது புள்ளி கொடுத்தது. 28 வாரம் நிறையாத குழந்தைக்கு, அது எதுவும் செய்வதற்கு முன்னாலேயே மூன்று புள்ளி. அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று. அழாத பிள்ளைக்கும் கணக்கில் ஓர் இடம் ஒதுக்கிய கருவி அது. ஓர் அறிவியல் கருவிக்குள் இப்படி ஓர் இடஒதுக்கீடு நுழைந்தது அரிது.

பார்த்துச் சொல்வது எல்லாமே பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்தது, மூளைக்குள்ளேயே போய் அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அடுத்த நம்பிக்கை. 2006-இல் லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டரின் குழு, அகச்சிவப்பு ஒளியைத் தலையோட்டின் வழியே செலுத்தி, குதிகாலில் குத்தும்போது 25 வாரக் குழந்தையின் மேற்புறணியிலும் ரத்த ஓட்டம் மாறுவதைக் காட்டியது. மெக்ராவின் விளக்கத்துக்கு 65 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து ஒரு வாரம் ஆகாத பத்துக் குழந்தைகளை, உறங்கும்போதே ஸ்கேன் கருவிக்குள் வைத்து, பாதத்தில் மெல்லக் குத்திப் பார்த்தார்கள். வலியின்போது பெரியவர்களின் மூளையில் விழிக்கும் 20 பகுதிகளில் 18 குழந்தைகளுக்கும் விழித்தன. செய்தித்தாள்கள் கொண்டாடின. காசியபருக்குத் தெரிந்ததை உறுதிசெய்ய எவ்வளவு பெரிய காந்தம் தேவைப்பட்டது என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது. ஆனால் மூளையை அளப்பதும் வழக்கை முடித்துவைக்கவில்லை என்பதைச் சர்க்கரைத் தகராறு காட்டிற்று. நாக்கில் இனிப்பு வைத்தால் குழந்தையின் அழுகை அடங்கும் என்பதை உலகமெங்கும் பாட்டிகள் அறிவார்கள்; 1990-களில் மருத்துவமனைகளும் குதிகால் குத்துக்கு முன் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்கின, ‘பிப்’ எண்ணும் இறங்கியது. 2010-இல் ஸ்லேட்டரின் குழு 59 குழந்தைகளில் சோதித்தது. சர்க்கரை பெற்றவர்களின் முகம் தணிந்தது. மூளை அலையோ தணியவில்லை. இனிப்பு வலியைத் தணிக்கிறதா, முகத்தை மட்டும் தணிக்கிறதா? முகத்தை நம்புபவர்கள், மூளையின் ஓர் அலையை வலி என்று யார் தீர்ப்பளித்தது என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டில் எது சரி என்று தீர்க்கும் உரிமை உள்ளவர் ஒருவர்தான். அவருக்குப் பேச்சு வரவில்லை.

அப்படியானால் அளக்கும் முயற்சியே வீண், தாயைப்போல் இரக்கத்தோடு மருந்தைக் கொடுத்துவிடலாமே என்று ஒரு தரப்பு சொல்லும். இதுவரை சொன்ன வரலாறு அதற்குச் சாதகமாகத் தோன்றவும் கூடும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2018-இல் வெளியான ‘பாப்பி’ சோதனை அந்த இரக்கத்தையும் நிறுத்திக் கேள்வி கேட்டது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிக்க இமையை விரித்துப் பிடிக்க வேண்டும். அது மிகவும் வலிக்கும். அதற்கு முன் வாய்வழி மார்ஃபின் கொடுத்தால் என்ன என்று 156 குழந்தைகளில் பார்க்கத் திட்டமிட்டனர். 31 குழந்தைகளோடு நிறுத்திவிட்டனர். மார்ஃபின் பெற்றவர்களின் மூச்சு தடுமாறியது; முகத்து எண்ணிலோ மூளை அலையிலோ பயன் ஒன்றும் தெரியவில்லை. அளவுகோல் இல்லாதிருந்தால், நல்லது செய்கிறோம் என்ற திருப்தியோடு அந்த மருந்து வார்டு வார்டாகப் பரவியிருக்கும்; மயங்கி அமைதியாகக் கிடக்கும் குழந்தையைப் பார்த்து எல்லாருக்கும் நிம்மதியாகவும் இருந்திருக்கும். கியூராரே காலத்து அமைதிக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு அதிகமில்லை. சான்று கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சான்று இல்லாதபோது யார் பக்கம் சாய்வது என்பதைத்தான் 1941 ஆய்வுக்குப் பின் வந்தவர்கள் தவறாகத் தீர்த்தார்கள். வலி இல்லை என்பவரிடம் யாரும் சான்று கேட்கவில்லை.

யார் பக்கம் சாய்வது என்ற அந்தக் கேள்வி இன்றும் எண்களுக்குள்ளேதான் நடக்கிறது. ‘பிப்’ அளவுகோலில் குறைமாதத்துக்கும் உறக்கத்துக்கும் கிடைத்த புள்ளிகள் வார்டில் சங்கடத்தை உண்டாக்கின. யாரும் தொடாமல் நிம்மதியாக உறங்கும் 27 வாரக் குழந்தைக்கும் ஆறு விழுந்தது. குத்தும் இல்லை, சுளிப்பும் இல்லை, எண் மட்டும் இருந்தது. 2014-இல் ஸ்டீவன்ஸின் குழுவே அளவுகோலைத் திருத்தியது. முகத்திலோ நாடியிலோ ஆக்சிஜனிலோ ஒரு மாற்றமாவது தெரிந்தால்தான் மாதக் கணக்குக்கும் உறக்கத்துக்கும் உரிய புள்ளி இப்போது கூட்டப்படும். ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம். கணக்கு நேரானது, செவிலியருக்குப் புரிகிறது, தேவையில்லாமல் மருந்து போகாது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2008-இல், ஸ்லேட்டரின் குழு ‘பிப்’ எண்களையும் மூளையின் ரத்த ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. சில குழந்தைகளுக்கு மட்டும், குதிகாலில் ஊசி இறங்கியபோது புருவம் அசையவில்லை, கண் இறுகவில்லை. மேற்புறணியில் ரத்தம் பாய்ந்தது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாடியும் ஆக்சிஜனும் கைகொடுக்காவிட்டால், திருத்திய தாளில் விழுவது பூஜ்யம்தான்.